கொடையா, வரியா?

பெருஞ்செல்வர்கள் ஏழைகளின் உழைப்புக்குக் கடன்பட்டவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எப்படித் தீர்ப்பது?

கொடை: விப்ரோ நிறுவனத்தின் அசிம் பிரேம்ஜி 2019-க்குள் அறக்கட்டளைக்கு ஒதுக்கிய பங்குகளின் மதிப்பு சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாய். பெரிய மனம்தான். ஆனால் பணம் எங்கே, எதற்குப் போகவேண்டும் என்பது கொடுப்பவர் முடிவு. அடுத்த செல்வருக்கு மனம் வராவிட்டால் கேட்க நாதியில்லை.

வரி: இங்கே யாரும் கைகூப்ப வேண்டியதில்லை. நம்மிடம் இருந்ததோ சோளக்கொல்லைப் பொம்மை. 1953-இல் வந்த மரணச் சொத்து வரி 1985-இல் போயிற்று. 1957-இன் செல்வ வரியை 2015 பட்ஜெட் நீக்கியது. அந்தச் செல்வ வரி 30 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு 1 சதவீதமாக இருந்தது. வீட்டுமனை, நகை, கார் கணக்கில் வந்தன, பங்குகள் வரவில்லை. கோடீஸ்வரர்களின் செல்வமே பங்குகளில்தானே இருக்கிறது! ஆண்டு வசூல் சுமார் ஆயிரம் கோடியோடு நின்றதில் வியப்பென்ன?

என் தேர்வு வரிதான், பங்குகளையும் சேர்த்து.