பத்மினிக்கு வாங்கிய பிரேக் ரப்பர் கிட்: ஐந்துக்கு இரண்டு

சென்னை ஜி.பி. ரோட்டில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் பிரீமியர் பத்மினி காருக்கான பிரேக் ரப்பர் கிட்டை ஒரே மாதத்தில் மூன்று முறை வாங்கினேன். முதலாவது என்னால் பாழானது, இரண்டாவது கடைக்காரரால். பழியைச் சரியாகப் பங்கு பிரித்த பிறகுதான் இந்த இரண்டு மதிப்பெண்.

வண்டி அப்பாவுடையது, 1984 மாடல். 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். அப்பா போன பிறகு நங்கநல்லூர் வீட்டு வாசலில் ஆறு ஆண்டுகள் உறைக்குள் நின்றது. மிதித்தால் பிரேக் தரையைத் தொட்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களில், திரவம் கசியாமல் தடுக்கும் ரப்பர் செத்துவிட்டது என்றார் மெக்கானிக். அவர் கேட்ட கூலிக்கு நானே கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அதனால்தான் அடுத்து வருவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கிட் 650 ரூபாய். பாலிதீன் உறைக்குள் ரப்பர் கப்புகளும் தூசி மறைப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எது எந்தச் சக்கரத்துக்கு என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கப்புகளின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்ததால், சுத்தமாகட்டும் என்று எவர்சில்வர் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் கொண்டைக்கடலைபோல உப்பியிருந்தன. ஒன்றுகூட சிலிண்டருக்குள் நுழையவில்லை. மட்டமான சரக்கு என்று சண்டை போடக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பெட்ரோலா?" என்றார். பேசாமல் இன்னொரு 650 ரூபாயை எடுத்து வைத்தேன்.

நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறோம். ஆனால் என் வண்டிக்கு ஊற்றும் 'டாட் 3' என்ற ரகம் எண்ணெயே அல்ல, கிளைகால் வகைத் திரவம். அதற்கென்றே செய்த ரப்பர் பெட்ரோலையோ எஞ்சின் ஆயிலையோ தாங்காது, உப்பிவிடும். கழுவுவதென்றால் அந்தத் திரவத்திலேயே கழுவ வேண்டும். உறையின் மேல் இந்த ஒரு வரியை அச்சிட என்ன செலவாகிவிடும்?

இரண்டாவது கிட்டைப் பொருத்தும்போது அம்மாவைத் துணைக்கு அழைத்தேன். வயது 74. பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நான் பின்பக்க இடது சக்கரத்தில், சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் பிரேக் ஷூவைக்கூட இன்னும் மாட்டவில்லை. அதற்குள் அம்மா இருக்கையில் ஏறி, கால் எட்டுகிறதா என்று ஒருமுறை நன்றாக மிதித்துப் பார்த்துவிட்டார். பிஸ்டன் பாய்ந்து வந்து என் முழங்காலில் மோதியது. பின்னாலேயே பிரேக் ஆயில் பீச்சியது. உள்ளிருந்த சுருள்வில் உருண்டு சாக்கடைக்குள் போனது. "அழுத்தட்டுமா, விடட்டுமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மட்கார்டில் தெறித்ததை உலர்ந்த துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். மறுநாள் அங்கே பெயின்ட் அப்பளம்போலக் கொப்பளித்திருந்தது. உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் கரைந்து போயிருக்கும். இதற்கும் கடைக்காரர் பொறுப்பல்ல.

எல்லாம் பூட்டிக் காற்று எடுத்து முடித்த பிறகு, வலது முன்சக்கரத்தில் கசிவு. இரண்டு முறை பிரித்தும் நிற்கவில்லை. ஆய்வகத்திலிருந்து வெர்னியரைக் கொண்டுவந்து அளந்தால், அந்த ஒரு கப் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் சிறியது. விளிம்பில் வார்ப்புப் பிசிறு வேறு. எங்கள் வண்டியில், மிதித்தால் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரங்களுக்கும் ஒன்றேதான், இணைப்பும் ஒன்றே. ஒரு சக்கரம் ஒழுகினால் போதும், மொத்தப் பிரேக்கும் போய்விடும். இந்தக் குறைக்காகத்தான் மூன்று மதிப்பெண்களைக் கழித்தேன்.

கப்பையும் வெர்னியரையும் மேஜைமேல் வைத்தேன். கடைக்காரர் வாதாடவில்லை. மேல்தட்டிலிருந்து வேறொரு பெட்டியை இறக்கினார். முன், பின் என்று தனித்தனி உறைகள், ஒவ்வொன்றிலும் அளவு எழுதியிருந்தது. பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மேலே 90 ரூபாய் மட்டும் வாங்கினார். மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கசியவில்லை.

"இதை முதலிலேயே ஏன் தரவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் விலை குறைந்ததைத்தானே கேட்டீர்கள், அம்மா?" என்றார்.