மூன்று வாரம் படுத்திய புல் வெட்டும் வண்டியும் பொள்ளாச்சிப் பட்டறையும்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மைதானம் என் பொறுப்பு. ஐந்து ஏக்கர் புல்தரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பி, ஜூன் மாதச் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் புல் வளர்கிற வேகத்தைச் சொல்லி முடியாது. திங்கட்கிழமை வெட்டினால் வியாழக்கிழமை திரும்பவும் கணுக்கால் உயரம் நிற்கும். அதற்காகத்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி ஒன்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினேன். ஒற்றை சிலிண்டர், பதினேழரை எச்.பி., 42 அங்குல வெட்டு அகலம். காலை ஆறு மணிக்கு ஏறி உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் மைதானம் முழுக்க முடிந்துவிடும்.

இந்த வருடம் கோடை விடுமுறை முடிந்து வண்டியை எடுத்தபோது இன்ஜின் சத்தமே மாறியிருந்தது. ஆக்சலேட்டர் லீவரை ஒரே இடத்தில் வைத்திருந்தாலும் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். யாரோ பக்கத்தில் நின்று லீவரை ஆட்டுகிற மாதிரியே இருக்கும். பிளேடைப் போட்டுவிட்டுப் புல்லுக்குள் இறக்கினால் கொஞ்சம் தெளியும், காலி ஓட்டத்துக்கு வந்தால் திரும்ப ஆரம்பிக்கும். கூடவே அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். வண்டி ஓட்டும் அண்ணன் மூன்று நாள் பார்த்துவிட்டு, “சார், இதுல உக்காரவே பயமா இருக்குதுங்க, ஆட்டம் இடுப்பைப் புடிச்சுக்குது” என்றார்.

முதலில் வேறு ஓர் ஊரில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். பெயர் வேண்டாம். அங்கே வண்டியை ஐந்து நிமிடம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. பிளக் மாற்றினார்கள், ஏர் பில்டர் மாற்றினார்கள், கடைசியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்பரேட்டரையே புதிதாகப் போட்டார்கள். மொத்தம் 4,600 ரூபாய். கல்லூரிக்கு வந்த அன்றே அதே ஏற்ற இறக்கம், முன்பைவிடக் கூடுதலாக. திரும்பக் கேட்டதற்கு, இன்ஜின் தேய்ந்துவிட்டது, பிரித்து ரிங் போட வேண்டும் என்று பதில் வந்தது. ஆறு வருடம் ஆயில் தவறாமல் மாற்றிய இன்ஜின் அது. மனசு ஒப்பவில்லை. அவர்கள் கழற்றிய பழைய கார்பரேட்டரை மட்டும் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வைத்தேன். அன்றைக்கு அதைக் கேட்டு வாங்கியது எவ்வளவு நல்லது என்று பின்னால்தான் தெரிந்தது.

தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். பொள்ளாச்சியில் இருந்து உடுமலை சாலையில் ஊரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம். பெரிய பலகை கிடையாது. வாசலில் களை எடுக்கும் பவர் வீடர், புதர் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் என்று வரிசையாக நிற்பதுதான் அடையாளம். உரிமையாளரே மெக்கானிக். கூட ஒரு பையன். குட்டி யானை பிடித்து, இரண்டு பலகை சாய்த்து வண்டியை ஏற்றிக் கொண்டு போனோம். போக வர வாடகை 1,800 ரூபாய் தனிக் கணக்கு. செவ்வாய், வியாழன் போகாதீர்கள். அந்த இரண்டு நாளும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, வண்டிகள் நெருக்கித் தள்ளும்.

வண்டியை இறக்கியதும் அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தார்.

“ஏனுங் சார், லீவுல வண்டி எத்தனை நாள் நின்னுதுங்க?”

இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றேன்.

“டேங்க்ல பெட்ரோல் இருந்துதுங்களா?”

அரை டேங்க் இருந்தது. போதாததற்கு ஷெட்டில் ஒரு கேனிலும் வைத்திருந்தோம், அதைத்தான் ஜூனில் ஊற்றினோம்.

“கல்லு, வேரு எதுலயாவது பிளேடு மோதுச்சுங்களா?”

மோதவில்லை. பிளேடு மோதினால், இன்ஜின் தண்டில் பிளைவீல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாவித் துண்டு நகர்ந்து கரண்ட் அடிக்கிற நேரம் தவறிவிடும், தள்ளிக்கொண்டு போகும் சின்ன மெஷின்களில் அது அதிகம், உங்கள் வண்டியில் பிளேடு பெல்ட்டில் ஓடுவதால் வாய்ப்பு குறைவு என்று அவரே விளக்கினார். அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தார்.

ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சோக் லீவரை மெதுவாகப் பாதி வரை இழுத்தார். ஆட்டம் நின்றுவிட்டது. ஒரே சீராக ஓடியது. திரும்பத் திறந்தார், ஆட்டம் வந்தது. இரண்டு முறை இதைச் செய்து காட்டிவிட்டு, “பாத்துக்கிட்டீங்களா சார்? காத்தைக் குறைச்சா நல்லா ஓடுது. அப்போ பெட்ரோல் பத்தலைங்க, இல்லாட்டி எங்கியோ திருட்டுக் காத்து போகுதுங்க. ரெண்டுல ஒண்ணு. ரிங்கு எல்லாம் அப்புறம்” என்றார். பெட்ரோல் பற்றாமல் வேகம் குறையும்போது இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியான திராட்டிலைத் திறந்துவிடுகிறது, வேகம் மிஞ்சியதும் மூடுகிறது. இந்தத் திறப்பதும் மூடுவதும்தான் நமக்கு ஏற்ற இறக்கமாகக் கேட்கிறது. மூன்று வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒரு சோக் லீவரை இழுத்ததில் பாதி புரிந்துவிட்டது. முதல் கடையில் 4,600 ரூபாய் வாங்கியவர்கள் இந்த ஒரு லீவரைத் தொட்டிருந்தால் போதுமே என்று அங்கேயே ஆத்திரம் வந்தது.

பிளக்கைக் கழற்றினார். புதுப் பிளக்தான், ஆனால் முனை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் கூடுதலாக இருந்தால் கரி படிந்து கறுப்பாக இருக்கும், இது குறைவு என்பதற்கு இரண்டாவது சாட்சி. பிறகு ஓடுகிற இன்ஜினில், கார்பரேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்தார். மேலே அடித்தபோது ஒன்றும் இல்லை. கீழ் மூலையில் அடித்ததும் சத்தம் டக்கென்று மாறியது. அங்கேதான் இரண்டுக்கும் நடுவே காற்று கசியாமல் வைக்கும் பேக்கிங் கிழிந்திருந்தது. முதல் கடையில் புதுக் கார்பரேட்டரைப் போட்டவர்கள் பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்து இறுக்கியிருக்கிறார்கள். (இந்த ஸ்பிரே தீப்பிடிக்கும். சூடான சைலன்சர் பக்கத்தில் நாமாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

“அந்தப் பழைய கார்பரேட்டர் இருக்குதுங்களா?” என்றார். பையைக் கொடுத்தேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. புதிதாகப் போட்டது சுமாரான நகல், ஒரிஜினலைச் சுத்தம் செய்து போடுவதே மேல் என்றார்.

கீழே இருக்கும் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் தேன் காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பசை. ஓரத்தில் வெள்ளைப் பொடி. விடுமுறையில் நின்ற பெட்ரோலின் வேலை அது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். வண்டியோடு வந்த கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியும், ஆனால் வேறு பெட்ரோல் நம் ஊரில் எங்கே கிடைக்கிறது? ஆகவே ஊற்றுவதைக் குறைத்து, நிற்க வைப்பதைத் தவிர்ப்பது ஒன்றுதான் வழி என்றார் மெக்கானிக்.

காலி ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். இருட்டாக இருந்தது. ஒயரில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையைப் பிரித்து, அதை விரலில் உருட்டி நேராக்கி, உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பினார். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, மறுபடி பிடித்துக் காட்டினார். ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, சுத்தமான வட்டமாக. இவ்வளவு சின்னத் துளை அடைத்துக்கொண்டதற்கா ஐந்து ஏக்கர் புல் மூன்று வாரம் வெட்டாமல் கிடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பேக்கிங்கைக் கடையில் தேடிப் போனால் இறக்குமதி வண்டிக்குக் கிடைக்காது. அவர் பேக்கிங் ஷீட்டைக் கார்பரேட்டர் முகத்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். லேசாக, தாளம் தப்பாமல். தட்டத் தட்ட ஓரம் தானாக அறுபட்டு விழுந்தது. போல்ட் துளைக்கு மட்டும் ஒரு இரும்பு உருண்டையை வைத்து ஒரே அடி. ஐந்து நிமிடத்தில் அச்சு அசலான பேக்கிங். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் பம்பு வேலை பழகியபோது கற்றது என்றார்.

நான் கிளம்பலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. “அரை மணி நேரத்துல அணையுதுன்னீங்களே, அது இன்னும் பாக்கிங்க சார்.” வாசலில் வண்டியை ஓடவிட்டு, வேறு பவர் வீடரைப் பார்க்கப் போய்விட்டார். சரியாக இருபத்தாறாவது நிமிடம் சத்தம் இளைத்தது. ஓடி வந்து டேங்க் மூடியைத் திருகினார். புஸ் என்று காற்று உள்ளே போனது, இன்ஜின் பிழைத்துக்கொண்டது. மூடியில் இருக்கும் காற்றுத் துளையின் மேல் குளவி மண் வைத்திருந்தது. இரண்டு மாதம் ஷெட்டில் நின்றபோது கட்டியிருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் காற்று போக வழியில்லாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மண்ணைச் சுரண்டி, துளையில் காற்று அடித்தார். இதற்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த நாள், இன்ஜின் ஆறிய நிலையில் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்த்தார். பீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இரண்டு வால்வையும் அளந்து, “சரியா இருக்குதுங்க, தொட வேண்டாம்” என்று மூடிவிட்டார். பிரித்துவிட்டோம், ஏதாவது செய்து கணக்கில் ஏற்றுவோம் என்கிற எண்ணமே இல்லை.

இடுப்பைப் பிடிக்கும் ஆட்டத்துக்குக் காரணம் இன்ஜினே கிடையாது. பிளேடைப் போடாமல் ஓட்டினால் ஆட்டம் இல்லை, போட்டால் வருகிறது. இரண்டு பிளேடையும் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் நடுத்துளையை மாட்டினார். ஒன்று படுக்கையாக நின்றது. இன்னொன்று ஒரு பக்கம் சரசரவென்று சாய்ந்தது. கடைசியாகச் சாணை பிடித்தவர் ஒரு முனையை மட்டும் நிறையத் தேய்த்திருக்கிறார். கனமான முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, திரும்பத் திரும்ப ஆணியில் மாட்டிப் பார்த்து, நேராக நிற்கும் வரை விடவில்லை.

கூலி 900, பேக்கிங்கும் கிளீனரும் 120, பெட்ரோல் குழாய், பில்டர் 180, பிளேடு வேலை 250. மொத்தம் 1,450 ரூபாய். மாற்றிய ஒவ்வொரு சாமானின் பழசையும் கையில் கொடுத்தார்.

குறை இருக்கிறது. இரண்டு நாள் என்று சொன்ன வேலை நான்கு நாள் ஆனது. தோட்டத்துக்காரர்கள் பவர் வீடரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர்களுக்குத்தான் முதல் இடம். களை எடுக்கிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு நாள் தவறினாலும் நட்டம் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். போன் எடுப்பது அபூர்வம். கல்லூரிக் கணக்குக்கு ரசீது வேண்டும் என்றபோது துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். முறையான பில் வாங்க இன்னொரு முறை போக வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்குக் கணக்குக் காட்டுகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெயிலில் நிற்க நிழலும் கிடையாது.

வண்டி வந்து ஏழு வாரம் ஆகிறது. லீவரை வைத்த இடத்தில் சத்தம் நிற்கிறது. அவர் சொன்னபடி, பெட்ரோல் வாரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாங்குகிறோம். நீண்ட விடுமுறை வந்தால் டேங்க்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். டேங்க் மூடியின் மேல் ஒரு துணியும் கட்டி வைக்க வேண்டும். குளவிக்காக.

உங்கள் மெஷினைக் கொண்டு போகிறீர்கள் என்றால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வேறு எங்காவது கழற்றிய பழைய சாமான் இருந்தால் அதையும் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பார்.