மூன்று பாட அறிவியல் பெட்டி: அம்மீட்டருக்காக வாங்கலாம், நுண்ணோக்கிக்காக வேண்டாம்

‘இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே பெட்டியில்’ என்று 9, 10-ஆம் வகுப்புக்கு ஆன்லைனில் விற்கிற பெட்டி இது. விலை ரூ. 1,500-ஐ ஒட்டி. அந்தக் காசுக்கு உருப்படியாக இருப்பது இயற்பியல் தட்டு மட்டும்தான்.

அதில் 0–500 மில்லிஆம்பியர் அம்மீட்டர், 0–3 வோல்ட் வோல்ட்மீட்டர், இரண்டு ஏஏ செல் போடும் ஹோல்டர், ஒரு மீட்டர் நைக்ரோம் கம்பி (28 கேஜ்), குவிலென்சு. இரண்டு மீட்டர்களிலும் முள் சுழியில் ஒழுங்காக நிற்கிறது. கோளாறு கையேட்டில். ஓம் விதிச் சோதனைக்கு (வோல்ட் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்பது) கம்பியைப் பாதியாக வெட்டச் சொல்கிறார்கள். இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 10 ஓம். அரை மீட்டருக்கு 5. புது செல் இரண்டைப் போட்டால் மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டி, முள் ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளும். வெட்டாமல் முழுக் கம்பியையும் ஓர் அட்டையில், சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி சுற்றுங்கள். ஒரு செல்லுக்கு 150 மில்லிஆம்பியர், இரண்டுக்கு 300 என்ற அளவில் வரும். செல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கவலையில்லை. வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்தே குறையும், வகுத்தால் அதே 10 ஓம்தான்.

அடுத்த பக்கத்தில் டார்ச் பல்பை வைத்தும் நேர்கோட்டு வரைபடம் வரும் என்கிறது கையேடு. வராது. இழை சூடேற ஏற மின்தடையும் ஏறுவதால் கோடு வளையும். பிள்ளைகள் அதைத் தங்கள் தப்பு என்று நினைத்து அளவைத் திருத்தி எழுதிவிடக்கூடாது.

லென்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாடியின் பிம்பத்தைச் சுவரில் தெளிவாக விழவைத்து, லென்சிலிருந்து சுவர்வரை அளந்தால் 10 செ.மீ. வருகிறது, அதாவது லென்சின் திறன் 10 டயாப்டர்.

வேதியியலில் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் லிட்மஸ், பினால்ப்தலீன், பிறகு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஆறு சோதனைக்குழாய். ஆறும் பிளாஸ்டிக்! மயில்துத்தத்தைச் சூடாக்கி நீலம் வெளுப்பதைப் பார்க்கச் சொல்லிவிட்டு பிளாஸ்டிக் குழாய் கொடுப்பது என்ன நியாயம்? சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய் இரண்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சூடாக்கும்போது வாய்ப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கட்டும். இல்லையென்றால் படிகத்திலிருந்து வெளியேறும் நீர் வாயருகே குளிர்ந்து, திரும்பிச் சூடான அடிப்பகுதிக்கு ஓடிக் குழாயை விரிசல் விட வைக்கும். ஆறியபின் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். பினால்ப்தலீனைத் தண்ணீரில் விட்டதும் பால்போலக் கலங்கினால் மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டுப் பாருங்கள், இளஞ்சிவப்பு வரும்.

நுண்ணோக்கியின் பெட்டியில் 1200 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் லென்சில் அந்த மடங்குக்குத் தெரிவது சாம்பல் நிற மங்கல்தான். 100 மடங்கில் நிறுத்திக்கொண்டால் வெங்காயச் செல்கள் செங்கல் வரிசையாகத் தெரிகின்றன. செதிலின் உட்குழிந்த பக்கத்துச் சவ்வை உரித்து, ‘சாஃப்ரனின்’ என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு, இரண்டு நிமிடம், பிறகு தண்ணீரில் அலசல். மேலே மூடும் மெல்லிய வில்லையான கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் சாய்த்து ஊசியால் மெல்ல இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கருப்பு விளிம்போடு வட்டமாகத் தெரிகிற அதைச் செல் என்று படம் வரைந்து வைப்பவர்கள் உண்டு. கொடுத்திருக்கிற பிளாஸ்டிக் கவர் ஸ்லிப்கள் வேறு வளைந்திருக்கின்றன. ஒரு பக்கம் தெளிவானால் மறுபக்கம் கலங்குகிறது. கண்ணாடி கவர் ஸ்லிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.