ரயில் போன தடமா, கழுதை நடந்த கரையா?

பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் டி.சி.க்குக் கார், லாரி தொந்தரவு இல்லாமல் சைக்கிளிலேயே போய்விடலாம் என்றால், வர்ஜீனியாவில் பல வருஷமாக இருக்கும் நம் ஆட்களே பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சுமார் 540 கிலோமீட்டர். உண்மையில் அது இரண்டு பாதை. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை 240 கி.மீ. கிரேட் அலகேனி பேசேஜ்; ஓட்டுகிறவர்கள் வாயில் அது 'கேப்'. அங்கிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 297 கி.மீ. சி அண்ட் ஓ, அதாவது செசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய்க் கரை. இரண்டையும் சேர்த்து ஓட்ட ஒரு வாரமாவது வேண்டும். மூணு நாள் லீவுதான் என்றால் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

எதை எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: இந்த இரண்டு வழியும் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. ஒன்று ரயிலுக்கு, இன்னொன்று படகு இழுத்த கோவேறு கழுதைக்கு. மேடு, பள்ளம், சேறு, நிழல், சாப்பாடு எல்லாம் அதை வைத்துத்தான்.

கேப் பெரும்பாலும் கைவிடப்பட்ட ரயில் தடம். ரயிலுக்குச் செங்குத்து ஆகாது. அதனால் மலை வந்தால் குடைந்திருக்கிறார்கள், பள்ளத்தாக்கு வந்தால் பாலம் போட்டிருக்கிறார்கள். ஏற்றம் எங்குமே 2 சதவீதத்தைத் தொடாது. மேயர்ஸ்டேல் பக்கத்தில் சாலிஸ்பரி பாலம் 1,908 அடி நீளம். மேலே நாம் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு மெதுவாக மிதிக்க, கீழே 219ஆம் நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு ஓடும். வண்டி இல்லாத வழி என்றால் என்ன என்று அங்கே நின்றால்தான் உறைக்கும்.

தண்டவாளம் எடுத்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைப் போட்டு அழுத்தியிருக்கிறார்கள். மழை விட்டதும் தண்ணீர் வடிந்துவிடும். பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பினால் 200 கி.மீ.க்கு ஏறுகிறோம் என்றே தெரியாமல் ஏறி, 2,392 அடி உயர நீர்ப்பிரிமேட்டுக்கு வந்துவிடுவோம். இந்தப் பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கம். அதற்கப்புறம் கம்பர்லாந்து வரை 38 கி.மீ. இறக்கம்; பெடலை மறந்துவிடலாம். எதிர்த்திசையில் வந்தால் அதே 38 கி.மீ. முதல் நாளே முட்டியைப் பிடிக்கும். தூரம் குறைச்சல்தானே என்று அப்படிக் கிளம்பி, ஃப்ராஸ்ட்பர்க் வருவதற்குள் வாய் பேசாமல் போனவன் நான். வழியில் பிக் சாவேஜ் குகைப்பாதை, 3,294 அடி, உள்ளே விளக்கு உண்டு. பனியில் உறைந்து கெட்டுவிடாமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திவிடுவார்கள். டிசம்பர் விடுமுறைக்குத் திட்டம் போடாதீர்கள்.

ரயில் நின்ற ஊர்கள் என்பதால் ஒஹையோபைல், கன்ஃப்ளூயன்ஸ், ராக்வுட் என்று வழியெங்கும் தங்க வீடு, காபி, பீட்சா கிடைக்கும். சைவக்காரர்கள் பீட்சாவோடு சமாதானமாகிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் நாளுக்காவது புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

சி அண்ட் ஓ வேறு ஜாதி. 1828 ஜூலை 4 அன்று இந்தக் கால்வாய்க்கு அமெரிக்க ஜனாதிபதியே மண்வெட்டி போட, அதே நாளில் பால்டிமோரில் போட்டி ரயில்பாதைக்குக் கல் நட்டார்கள். ரயில் 1842இல் கம்பர்லாந்து வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர 1850 ஆனது. கட்டி முடிக்கும்போதே தோற்றுப்போன கால்வாய். 1924இல் படகும் நின்றது. பிற்பாடு அதன்மேல் கார் சாலை போடும் பேச்சு எழுந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல், சாலையை ஆதரித்த பத்திரிகை ஆசிரியர்களை 'வந்து நடந்து பாருங்கள்' என்று கூட்டிக்கொண்டு கம்பர்லாந்திலிருந்து கிளம்பினார். முழுதும் நடந்தவர்கள் ஒன்பது பேர்தான். ஆனால் சாலை வரவில்லை, 1971இல் தேசியப் பூங்கா வந்தது.

கால்வாய்த் தண்ணீர் சமதளத்தில் நிற்க வேண்டும். ஆகவே கரையும் சமதளம்தான். படகை ஏற்றி இறக்கும் 'லாக்' என்ற கதவுத் தொட்டி வரும் இடங்களில் மட்டும் எட்டடி போலச் சறுக்கும். மொத்தம் 74 லாக். கம்பர்லாந்திலிருந்து இறங்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தள்ளு கிடைக்கும். சிறுபிள்ளைத்தனமாக அதற்கே காத்திருப்பேன்.

ஆனால் மழை. கல்பொடி போட்டுச் சீராக்கிய பகுதிகள் இப்போது இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் களிமண்தான். மேலே மரம் மூடியிருப்பதால் வெயிலே படாது, காயாது. ஒரு மே மாதம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்தேன். நூறடி போனதும் மறுபடி அதே கதை. எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நடவுக் காலத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று நானும் அப்படித்தான் போனேன்.

தங்குவது இங்கே மலிவு. ஐந்து பத்து மைலுக்கு ஒரு கூடார இடம், காசில்லை, முந்தியவருக்கு இடம், ஒரு இரவுதான். அடிபம்பு, மேசை, கழிப்பறை இருக்கும். குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். கடைகள் தூரம் தூரம்.

இருந்தாலும் பா பா குகைப்பாதையை விட முடியாது. 3,118 அடி, விளக்கே இல்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். 1836இல் தோண்ட ஆரம்பித்து 1850இல்தான் படகு போனது. பாதையோர மரக் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டே போனால் விரலுக்குப் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்படும். படகுக் கயிறு அறுத்த தடம். டார்ச்சை அணைத்துவிட்டு அதை ஒரு தடவை தடவிப் பாருங்கள். பா பா என்ற இந்த ஊர்ப் பேரே நம் சீத்தாப்பழத்துக்குச் சொந்தமான ஒரு காட்டுப் பழத்தின் பேர்தான். செப்டம்பரில் போனால் கரையோரம் விழுந்து கிடக்கும்.

பிள்ளைகளோடு, முதல் தடவை, மூணு நாள் என்றால் யோசிக்காமல் கேப். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து கிழக்கே. 35 மில்லிமீட்டர் டயர் போதும், பிட்ஸ்பர்க் கோயிலில் வெங்கடேஸ்வரரையும் சேவித்துவிட்டுக் கிளம்பலாம். கூடாரம் தூக்கத் தயாரென்றால், பேச்சுத்துணை வேண்டாம் என்றால், சி அண்ட் ஓ. டயர் 40க்குக் குறையாமல், மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு. நடுவில் மழை பிடித்தால் லிட்டில் ஆர்லீன்ஸிலிருந்து ஹான்காக் வழியாக பிக் பூல் வரை பக்கத்திலேயே சுமார் 45 கி.மீ. தார் போட்ட பழைய ரயில் தடம் ஒன்று ஓடுகிறது. வீம்பு பார்க்காமல் அதில் ஏறிவிடுங்கள்; நான் பார்த்தேன், அதனால்தான் அந்தக் குச்சிக் கதை.