தைக்க வாங்கின துணிய அடுக்க திறந்த ஷெல்ஃபா, மூடி போட்ட டப்பாவா, டிராயரா?

முதல்லயே சொல்லிடறேன், நான் ஷெல்ஃப் கட்சி. ரொம்ப நாள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு தச்சிட்டு இருந்தேன், இப்ப துணிய அட்டையில சுத்தி திறந்த ஷெல்ஃப்ல நிக்க வச்சிருக்கேன், திரும்பிப் போற எண்ணம் இல்ல. அதனால இதுல நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஆனா டப்பா ஜெயிக்கிற இடங்களும் நிஜமாவே இருக்கு, அதையும் மறைக்காம சொல்றேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சத சட்டுனு தாண்டிடலாம். ஷெல்ஃப்ல எல்லா துணியும் கண்ணுக்குத் தெரியும், டப்பாவுல தெரியாது, ட்ரான்ஸ்பரன்ட் டப்பானாலும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற நாலு துணிதான் தெரியும். டப்பாவுல தூசி போகாது, ஷெல்ஃப்ல படியும். டப்பாவ கட்டிலுக்கு அடியில தள்ளலாம், ஷெல்ஃபுக்கு ஒரு சுவர் வேணும். டிராயர் ரெண்டுக்கும் நடுவுல. இவ்வளவுதான், இத வச்சு மட்டும் முடிவு பண்ணா எல்லாருமே டப்பாதான் வாங்குவாங்க.

ஆனா முடிவு பண்ண வேண்டியது வேற விஷயத்த வச்சு. துணிய எடுக்கறது எவ்ளோ சுலபம்னுதான் எல்லாரும் பார்க்கறாங்க. எடுத்த துணிய திரும்ப வைக்கறது எவ்ளோ சுலபம்னு யாரும் பார்க்கறதில்ல. தையல் ரூம் குப்பையாகறதே அங்கதான்.

யோசிச்சுப் பாருங்க. சாதாரணமா ஒரு சட்டையோ பாவாடையோ தைக்கறவங்க ஒரு நேரத்துல ஒரு துணி, ஒரு லைனிங், அவ்ளோதான் எடுப்பாங்க. குயில்ட், அதாவது துண்டுத் துணிகள ஒட்டுப் போட்டு நடுவுல பஞ்சு வச்சு தைக்கற போர்வை, அத தைக்கறவங்க அப்படி இல்லையே, ஒரே வேலைக்கு பத்து பதினஞ்சு துணி வெளிய வரும், அதுலயும் பாதி "இந்த நீலத்துக்கு இந்த மஞ்சள் ஒத்துப்போகுதா"னு பக்கத்துல வச்சுப் பார்க்க மட்டும் எடுத்தது, வெட்டப் போறதே இல்ல. எடுக்கறப்போ ஒரு ஆர்வத்துல டப்பா டப்பாவா திறந்து எடுத்துடுவோம், அந்த நேரத்துல மூடியோ அடுக்கோ ஒரு தொந்தரவாவே தெரியாது. திரும்ப வைக்கறப்போ அந்த ஆர்வம் இருக்காது. இது எந்த டப்பாவுலேர்ந்து வந்ததுன்னு யோசிக்கணும், மேல இருக்கிற டப்பாவ இறக்கணும், மூடிய திறக்கணும், துணிய அதே அளவுக்கு மடிக்கணும், உள்ள இருக்கிறத நகர்த்தி இடம் பண்ணணும், மூடணும், திரும்ப தூக்கி அடுக்கணும், அப்புறம் அடுத்த துணி. யாரு செய்வா? "மொத்தமா அப்புறம் வச்சுக்கலாம்"னு ஒரு குவியல் வரும். அந்தக் குவியல் உக்கார்ற இடம் எப்பவும் துணி வெட்டறப்போ அடியில விரிக்கற கட்டிங் மேட் மேலதான், ஏன்னா ரூம்லயே பெரிய சமதளம் அதுதான். 24க்கு 36 இஞ்ச் மேட் வச்சிருக்கிறவங்க பாதிப் பேர் அதோட ஒரு மூலையில, 24 இஞ்ச் ஸ்கேல் கூட முழுசா வைக்க முடியாம, துணிய திருப்பித் திருப்பி வெட்டிட்டு இருப்பாங்க. வெட்டு கோணலாப் போனா உருட்டி வெட்டற கட்டரோட பிளேடு மொன்னைனு நினைச்சுப்பாங்க.

இதுல எடையும் சேரும். குயில்டுக்கு எடுக்கிற காட்டன் மீட்டருக்கு கிட்டத்தட்ட 150லேர்ந்து 170 கிராம் வரும். ஒரு டப்பாவுல 30 மீட்டர் இருந்தாலே 5 கிலோ. அடியில இருக்கிற டப்பா வேணும்னா மேல இருக்கிற ரெண்ட இறக்கணும், அதாவது 10 கிலோ இறக்கி 10 கிலோ ஏத்தணும், ஒரு சின்ன பச்சைத் துண்டுக்காக. முதுகு வலிக்காரங்களுக்கு இது ஒண்ணே போதும் முடிவு பண்ண.

ஷெல்ஃப்ல இந்த எல்லா படியும் ஒண்ணாச் சுருங்கிடுது. சுத்தின அட்டையோட எடுத்தோம், வேணுங்கறத வெட்டினோம், மிச்சத்த ரெண்டு சுத்து சுத்தினோம், இருந்த இடைவெளியில சொருகினோம். நிறத்துக்கு ஏத்த மாதிரி வரிசையா இருந்தா எங்க வைக்கணும்னு யோசிக்கவே வேண்டாம், அந்த நிறம் இருக்கிற இடம்தான் அதோட இடம். இதனாலதான் நான் இந்தப் பக்கம் சாஞ்சேன். பார்க்க அழகா இருக்குன்னு இல்ல, அழகு ஒரு போனஸ் அவ்ளோதான்.

ஆனா சும்மா மடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா ஷெல்ஃப்ல அடுக்கினா அது டப்பாவ விட மோசம், சொல்லிட்டேன். அடியில இருக்கிறத உருவினா மேல இருக்கிற மொத்தமும் சாயும். புத்தகம் மாதிரி நிக்கணும், அதுக்கு உள்ள ஒரு அட்டை வேணும். காமிக்ஸ் புத்தகம் மடங்காம இருக்க உள்ள வைக்கற அட்டை இருக்கே, சுமாரா 7க்கு 10½ இஞ்ச், அது இதுக்குனே அளவெடுத்த மாதிரி இருக்கும், ஏன்னா 44 இஞ்ச் அகலத் துணிய கரையோட கரை சேர்த்து மடிச்சா 22, இன்னொரு மடி மடிச்சா 11, அத அப்படியே அட்டையில சுத்திட்டா முடிஞ்சுது, கடைசி நுனிய ஒரு குண்டூசியோ சின்ன கிளிப்போ பிடிச்சுக்கும். குண்டூசின்னா துரு பிடிக்காததா பார்த்துக்கோங்க, கறை விழுந்தா போகாது. நின்ன உயரம் 11 இஞ்ச்தான், அதனால தட்டுக்கு தட்டு 12, 13 இஞ்ச் இடைவெளி போதும். ஒரு மீட்டர் துணி சுத்தினா அரை இஞ்ச்லேர்ந்து முக்கால் இஞ்ச் தடிமன் வரும், இறுக்கிச் சுத்தறத பொறுத்து. 30 இஞ்ச் அகலத் தட்டுல 40 துணிக்கு மேல நிக்கும். அரை மீட்டருக்குக் கீழ இருக்கிறதுக்கு அட்டை வேஸ்ட்.

அட்டை விஷயத்துல ஒண்ணு மட்டும் கவனம். பார்சல் டப்பாவ வெட்டி எடுக்கிற பழுப்பு அட்டையில ஆசிட் இருக்கும், வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டே இருந்தா வெளிர் நிறத் துணியில மஞ்சள் ஏறும். ஆசிட் இல்லாத அட்டை எடுங்க, இல்லன்னா பேனர் போர்டுக்கு போடற வரி வரியான பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டிக்கோங்க, அது மடங்கவும் மடங்காது. பெயின்ட் பாலிஷ் எதுவும் இல்லாத வெறும் மரத் தட்டும் இதே பிரச்சனை கொடுக்கும், மேல ஒரு பழைய காட்டன் விரிப்பு போட்டுட்டா சரி.

இப்ப ஷெல்ஃபோட பெரிய குறை, வெளிச்சம். வெயில் நேரா விழற சுவர்ல வச்சா துணி வெளுக்கும், அதுவும் சமமா வெளுக்காது, வெளிய தெரியற மடிப்பு ஓரம் மட்டும் ஒரு கோடு மாதிரி வெளுத்து நிக்கும், பிரிச்சுப் பார்த்தா துணி நெடுக அந்தக் கோடு இருக்கும், அத ஒதுக்கி வெட்டறது பெரிய தலைவலி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர வேண்டவே வேண்டாம், ஜன்னல் இருக்கிற அதே சுவர்ல வைங்க, இல்லன்னா முன்னாடி ஒரு திரை போட்டுருங்க. திரை போட்டா தூசியும் பாதி நிக்கும். திரைய தள்ளறது ஒரு கை வேலைதான், மூடி திறக்கறதோட சேர்க்கவே முடியாது. அப்பப்ப அட்டையிலேர்ந்து பிரிச்சு வேற இடத்துல மடிப்பு வர்ற மாதிரி சுத்தணும்னு சொல்வாங்க, நல்ல பழக்கம்தான், நான் ஒழுங்கா செய்யறதில்ல.

டப்பா வச்சா இந்த பயம் இல்லன்னு நினைக்கறவங்களுக்கு, கண்ணாடி மாதிரி இருக்கிற டப்பா வழியா வெளிச்சம் போகாதா என்ன? போகும். அதுக்கு மேல ஈரம். நல்லா இறுக்கி மூடற டப்பாவுக்குள்ள ஸ்டீம் அயர்ன் பண்ணின சூட்டோட துணிய வச்சு மூடினா அந்த ஈரம் உள்ளயே மாட்டிக்கும், பூஞ்சை வாசனை வர ஆரம்பிக்கும். ஆறவிட்டு வைக்கணும், உள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடணும், அதையும் அப்பப்ப மாத்தணும். சில பேர் அந்துருண்டை போடுவாங்க, சில வகை பிளாஸ்டிக்க அது இளக்கி ஒட்டவச்சிடும், அந்த வாசனையும் துணிய விட்டு லேசுல போகாது. பூச்சிக்குப் பயந்தா அந்துருண்டைய விட ஒரு நல்ல வழி, கஞ்சி போட்ட துணிய ஸ்டோர் பண்ணாம இருக்கறது. ராமபாணப் பூச்சிக்கு கஞ்சின்னா உயிரு, ஷெல்ஃப்னாலும் டப்பானாலும் தேடி வரும். வெட்டறதுக்கு முன்னாடி கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிக்கலாம், அதான் வெட்டும் சுத்தமா வரும்.

சரி, டப்பா எங்க ஜெயிக்குது? பிட்டுத் துணி. இதுல ஷெல்ஃபுக்கு வேலையே இல்ல. ஆனா "எல்லா பிட்டும் ஒரு டப்பாவுல"ங்கறது ஸ்டோரேஜ் இல்ல, அது குப்பைத்தொட்டிக்கு மூடி போட்ட கதை. வெட்டி முடிச்ச உடனே மிச்சத்த 2½ இஞ்ச் பட்டை, 5 இஞ்ச் சதுரம், அதுக்கும் சின்னது 1½ இஞ்ச்னு மூணு அளவா வெட்டி மூணு சின்ன டப்பாவுல போட்டா அது நாளைக்கு தைக்கற துணி. வெட்டாம போட்டா என்னைக்கும் பிட்டுத்தான். இந்த டப்பாவுக்கு மூடிய கழட்டி தூர வச்சிடுங்க, கைய நீட்டி உள்ள போடற மாதிரி இருக்கணும்.

பாதியில நிக்கற வேலைக்கும் டப்பாதான். வெட்டின பீஸ், பேட்டர்ன் பேப்பர், அதுக்கு எடுத்த நூல் எல்லாம் ஒண்ணா ஒரு தட்டையான டப்பாவுல, மேல பேரு எழுதி. அப்புறம் வீட்டுல பூனையோ தவழற குழந்தையோ இருந்தா கீழ் ரெண்டு தட்டு எப்படியும் டப்பாதான், அதுல விவாதமே இல்ல. குயில்டுக்குள்ள வைக்கற பேட்டிங் மட்டும் எதுக்குள்ளயும் அமுக்காதீங்க, காத்து உறிஞ்சற வேக்யூம் பைக்குள்ள மாசக்கணக்கா போட்டா உப்பல் குறைஞ்சு சப்பையாயிடும், லூசா சுருட்டி ஒரு துணிப் பையில போட்டு பீரோ மேல வச்சா போதும்.

டிராயர் பத்தி நான் அளந்துதான் சொல்லணும், துணிக்கு அத வச்சு நான் பெருசா ஓட்டினதில்ல. 18க்கு 22 இஞ்ச் துண்டுகள மடிச்சு டிராயர்ல நிக்க வச்சுப் பார்த்திருக்கேன், அதுக்கு அருமை, மேலேர்ந்து பார்த்தா எல்லா நிறமும் தெரியும், வெளிச்சமும் படாது. முழு மீட்டர் துணிக்கு ஆழமான டிராயர் எப்படி இருக்கும்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா அளவுக்கு மேல ரொப்பினா இழுக்கறதே ஒரு வேலையாயிடும்னு தோணுது. சின்னச் சாமானுக்கு டிராயர அடிச்சுக்க ஆளில்ல. பாபின், ஊசி, மிஷின் பாதம், கிளிப், மார்க்கர், எல்லாம் ஆழம் குறைஞ்ச டிராயர்ல, தடுப்பு போட்டு. ஊசிய மட்டும் சைஸ் எழுதின பாக்கெட்டோடவே வைங்க, 75/11ம் 90/14ம் கலந்துட்டா கண்ணால பிரிக்கறது பாடு. மிஷின்ல மாட்டினது என்ன சைஸுன்னு ஒரு சின்ன பேப்பர்ல எழுதி மிஷின்லயே ஒட்டி வச்சுக்கலாம்.

நூல்கண்ட சுவர்ல ஆணி வரிசையில மாட்டி வைக்கறது இப்ப ரொம்ப பேருக்குப் பிடிக்குது, போட்டோவுக்கும் நல்லா இருக்கும். அங்க மட்டும் நான் டிராயர் கட்சி. துணி வெளுத்தா நிறம் போகும், கண்ணுக்குத் தெரியும், காட்டன் நூல் வெளிச்சத்துல இத்துப் போனா தச்சதுக்கு அப்புறம்தான் தெரியும். தினமும் தொடற வெள்ளை, சாம்பல், கறுப்பு மூணும் வெளிய இருக்கட்டும், அது எப்படியும் சீக்கிரம் தீர்ந்துடும்.

இன்னொண்ணு, துவைச்ச துணியும் துவைக்காததும் ஒரே ஷெல்ஃப்ல நின்னா பின்னாடி குழப்பம், சாயம் போகுமா சுருங்குமான்னு தெரியாது. துவைச்சு காயவச்சதுக்கு மூலையில ஒரு சின்ன முக்கோணம் வெட்டி விட்டுடுங்க, பார்த்த உடனே தெரியும், லேபிளே வேண்டாம்.

தனி ரூம் இல்லாம, சாப்பாட்டு மேஜையிலயே தச்சு முடிச்சு தினமும் எடுத்து வைக்கறவங்களுக்கு மட்டும் நான் சொன்னது கொஞ்சம் மாறும். ஷெல்ஃப் ஒரு ரூம்ல, மேஜை இன்னொரு ரூம்லன்னா போயிட்டு வர்ற நடைதான் மூடி திறக்கற வேலைய விடப் பெருசு. அவங்க அன்னன்னைக்கு வேணுங்கற துணிய மட்டும் ஒரு மூடியில்லாத ட்ரேல எடுத்துட்டு வந்து, முடிச்சதும் அந்த ட்ரேயோடவே கொண்டு போய் ஷெல்ஃபோட கீழ்த் தட்டுல சொருகிடலாம். சக்கரம் வச்ச மூணு தட்டு வண்டி இருந்தா இன்னும் நல்லது, மேல் தட்டுல மிஷின் சாமான், நடுவுல துணி, அடியில பிட்டு. மேட்ட மட்டும் சுவர்ல சாய்ச்சு வைக்காதீங்க, அது வளைஞ்சா திரும்ப நேராகறது கஷ்டம், கட்டிலுக்கு அடியில படுக்க வச்சிடுங்க.