108 ஓட்டை போட வாங்குன பெஞ்ச் ட்ரில், நாலு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

அண்ணன் மவன் இந்தத் தைப்பூசத்துக்கு முத தடவையா காவடி எடுத்தான். வாடகைக் காவடி வேணாம், நம்ம கையாலயே செஞ்சு குடுப்போம்னு நானும் மச்சானும் முடிவு பண்ணோம். அதுக்காகத்தான் சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில இந்த பெஞ்ச் ட்ரில்ல, அதாவது மேசை மேல நிக்க வச்சு ஓட்டை போடுற மெஷின, 260 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்குனேன், 350 வாட் மோட்டார், பெல்ட் மாத்தி அஞ்சு ஸ்பீடு, 13 மில்லி சக் (பிட்ட கவ்விப் பிடிக்கிற தலை). காக்கி புக்கிட்ல மச்சான் பட்டறையிலதான் இருக்கு, வீவக (எச்டிபி) அடுக்குமாடி வீட்டுல வச்சு ஓட்டுற சாமான் இல்ல இது.

வேலை என்னன்னா, ஆறு பக்கமா ரெண்டு வளையம், 25 மில்லி உருண்டைக் குழாய், 304 ஸ்டெயின்லெஸ், கனம் 1.5 மில்லி. மொத்தம் 12 துண்டு, துண்டுக்கு 9 ஓட்டை, ஆக 108. ஒவ்வொரு ஓட்டையிலயும் எம்5 கண் போல்ட் (தலையில வளையம் உள்ள 5 மில்லி போல்ட்) ஏறும், அதுலதான் சங்கிலியும் மணியும் தொங்கும். மேல் சுவரு கீழ் சுவரு ரெண்டையும் துளைக்கணும்னா 216 தடவை. கை ட்ரில்ல ஒரு துண்டு போட்டுப் பாத்தோம், உருண்டை மேல ட்ரில் பிட்டு வழுக்கிட்டே போகுது, மேல நடுவுல ஆரம்பிச்ச ஓட்டை கீழ சாஞ்சு வெளிய வருது, போல்ட்டு ஒண்ணு கிழக்க பாக்குது ஒண்ணு மேக்க பாக்குது. சாமிக்குச் செய்யறத இப்படிச் செய்ய மனசு வரல.

மெஷினப் பத்தி முதல்ல. மோட்டார் நல்லா இருக்கு, சத்தம் கம்மி, பச்சை சிவப்பு ஸ்விட்ச் வச்சிருக்கான், கரண்டு போய் வந்தா தானா சுத்த ஆரம்பிக்காது. பிளக்கு 13 ஆம்பியர் மூணு பின், சேஃப்டி மார்க் இருந்துச்சு, வாங்கும்போது நீங்களும் பாத்துக்குங்க. ஆனா முத நாளே ஓடிட்டு இருக்கும்போது சக் கழண்டு மேசை மேல விழுந்துருச்சு, நெஞ்சே நின்னு போச்சு. பாத்தா டேப்பர்ல, அதாவது சக் ஏறி உக்காருற கூம்புல, ஃபேக்டரி கிரீஸ் அப்படியே இருக்கு. தின்னர் போட்டு ரெண்டு பக்கமும் சுத்தமா துடைச்சு, சக்கோட பல்லை உள்ள இழுத்து விட்டுட்டு கட்டையால நாலு தட்டு தட்டி ஏத்துனேன், இன்னி வரைக்கும் அசையல. இத ஒரு வரி எழுதி டப்பாவுக்குள்ள போட்டிருக்கலாம் அவங்க.

அடுத்தது மேசை. தடி கம்பிய இசட் மாதிரி வளைச்சு சக்குல மாட்டி, கையால சுத்தி, நுனி மேசைய நாலு பக்கமும் ஒரே மாதிரி தொடுதான்னு பாத்தேன். இடது பக்கம் ஒரு மில்லி கிட்ட தாழ்ந்திருந்துச்சு. சாய்வு போல்ட்ட தளத்தி சரி பண்ண பெறகு அந்தக் கோண அளவுக் கோட்டை நம்புறதையே விட்டுட்டேன். ஆழம் நிறுத்துற நட்டும் அதிர்வுல தளருது, மேல இன்னொரு நட்டு போட்டு இறுக்குனதும் சரியாயிடுச்சு.

இப்ப ஜிக், அதாவது குழாய ஒரே இடத்துல பிடிச்சு வைக்கிற தாங்கி. நேரம் போனதெல்லாம் இதுலதான், பலனும் இதுலதான். 50 மில்லி ஆங்கிள் இரும்பு அரை மீட்டர் எடுத்து, வி மாதிரி மேல பாக்க வச்சு ஒரு தட்டுல வெல்ட் பண்ணோம். சக்குல கூர் கம்பி மாட்டி, அந்தக் கூர் வி-யோட அடிக் கோட்டுல சரியா உக்காருற வரைக்கும் ஜிக்க நகத்தி, அப்புறம்தான் மேசையோட சேத்து கிளாம்ப் பண்ணோம். அதுக்குப் பெறகு எந்தக் குழாய வச்சாலும் நடு மையம் தானா வந்துரும். சந்தேகமா இருந்தா குழாய் மேல ஒரு மெல்லிசு ஸ்கேல வச்சு பிட்டு நுனியால லேசா அழுத்துங்க, ஸ்கேல் ஒரு பக்கம் சாஞ்சா மையம் தப்பு. பிட்டு வெளிய வர்ற இடத்துல ஆங்கிள்ல பெரிய ஓட்டை போட்டு விட்டோம், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் அது ஆங்கிளையும் கடிக்கும்.

40 மில்லி இடைவெளிக்கு அளந்து கோடு போடவே இல்ல. பிட்டுலேர்ந்து சரியா 40 மில்லி தள்ளி ஆங்கிள்ல ஒரு 5.5 ஓட்டை. முத ஓட்டைய ஜிக் முனையில இருக்கற தடுப்புல குழாய முட்ட வச்சுப் போட்டதும் குழாய நகத்தி, குழாய் ஓட்டை வழியா ஆங்கிள் ஓட்டைக்குள்ள ஒரு பின்ன இறக்குனா அடுத்த இடம் ரெடி, குழாய் உருளவும் உருளாது. பின்னுக்கு உடைஞ்ச 5.5 பிட்டோட வால் பகுதிதான், அளவு கச்சிதமா இருக்கும். மச்சான் சொன்ன யோசனை இது, நான் ஒண்ணொண்ணா பஞ்ச் அடிக்கலாம்னு நின்னுட்டு இருந்தேன்.

304-ல முக்கியமா ஒண்ணு, பிட்ட சும்மா தேய்க்க விட்டா அந்த இடம் கெட்டியாகிடும், அப்புறம் எது போட்டாலும் இறங்காது. சாதா எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டு முத துண்டு முடியறதுக்குள்ள மழுங்கிருச்சு. எம்35, அதாவது 5 சதவீதம் கோபால்ட், 135 டிகிரி முனை உள்ளது வாங்குங்க, எங்களுக்கு மூணு பிட்டு போதுமா இருந்துச்சு. ஸ்பீடு இருக்கறதுலயே கீழ, நிமிஷத்துக்கு 600 சுத்து பக்கம், 5.5 மில்லிக்கு அது நல்ல ஸ்பீடு. கட்டிங் ஆயில் ஒரு சொட்டு, அப்புறம் விடாம ஒரே அழுத்தம், சுருள் நீளமா வந்தா சரியா போகுதுன்னு அர்த்தம். கையுறை மட்டும் போடாதீங்க, சுருள் கையுறைய பிடிச்சா விரலையும் சேத்து இழுத்துரும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு சாப்பாட்டு நேரத்துக்குள்ள 12 துண்டும் முடிஞ்சுது. பிசிறு எடுக்கத்தான் அதே அளவு நேரம் ஆச்சு, அவசரப்படல. குழாய் உள்ள ஒரு சுருள் தங்குனாலும் அவன் ஆடும்போது ஓட்டை வழியா வெறும் தோள்ல வந்து விழும், அதனால வெல்டிங்குக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் காத்தடிச்சு வெந்நீர்ல கழுவுனோம். நட்டு எல்லாம் நைலான் வளையம் உள்ளது. பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல ஆடிட்டுப் போனான், இறக்குனதும் 108-யும் கையால தொட்டுப் பாத்தேன், ஒண்ணு கூட தளரல.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், சக்கும் மேசையும் குடுத்த தொந்தரவு இல்லன்னா நாலு. எட்டு மில்லிக்குள்ள ஓட்டை, மெல்லிசு குழாய்னா தாராளமா வாங்கலாம். பத்து மில்லிக்கு மேல ஸ்டெயின்லெஸ்ல போடணும்னா 400 சுத்து பக்கம் வேணும், இந்த மெஷின் அவ்வளவு கீழ இறங்காது, பிட்டு கருகிப் போகும், அதுக்கு இன்னும் கொஞ்சம் காசு போட்டு ரெட்ட பெல்ட்டு வச்சதா பாத்து எடுங்க.