கச்சான் சொக்லேட் செய்ய ஸ்லோ குக்கரா, வெந்நீர்ச் சட்டியா, மைக்ரோவேவா?

தீபாவளிக்கும் நத்தாருக்கும் வீட்டிலேயே சொக்லேட் மிட்டாய் செய்கிறவர்கள் எங்கள் நுவரெலியா மலைப்பக்கம் இப்போது கூடிவிட்டார்கள். வறுத்த கச்சானையும் கஜுவையும் உருகிய சொக்லேட்டில் புரட்டி, கரண்டி கரண்டியாக ஒயில் பேப்பரில் வைத்து இறுகவிடும் அந்த மிட்டாய்தான். ஓவன் வேண்டாம், பாகுப் பதம் பார்க்க வேண்டாம். சொக்லேட்டை எதில் உருக்குவது என்பது மட்டும்தான் கேள்வி. கேஸ் அடுப்பில் வெந்நீர்ச் சட்டிக்கு மேல் பாத்திரம் வைத்து உருக்கலாம், மைக்ரோவேவில் உருக்கலாம், கரண்டில் மெதுவாகச் சூடேறும் பீங்கான் சட்டியான ஸ்லோ குக்கரிலும் உருக்கலாம். நான் மூன்றிலும் செய்து பார்த்துவிட்டு ஸ்லோ குக்கரோடு நின்றுவிட்டேன். குவைத்தில் வேலை செய்யும் தங்கச்சி லீவில் வரும்போது கொண்டுவந்த குக்கர் அது. அங்கேயும் இங்கேயும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிளக்கும் அதே மூன்று சதுர முனை என்பதால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

ருசியில் மூன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. ஒரே சொக்லேட், ஒரே கச்சான், ஒரே ருசி. செலவிலும் பெரிய இடைவெளி இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். என் முடிவைத் தீர்மானித்தது உருக்கும் நேரம் இல்லை, உருக்கிய பிறகு கரண்டியால் எடுத்து வைக்கும் நேரம். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். அரைக் கிலோ கச்சான், கால் கிலோ கஜு, முக்கால் கிலோ சொக்லேட் என்றால் மொத்தம் ஒன்றரைக் கிலோ. ஒரு மிட்டாய் 20 கிராம் என்று வைத்தாலும் 75 வரும். ஒரு கரண்டியில் அள்ளி, இன்னொரு கரண்டியால் வழித்துத் தள்ளி, உருண்டையாக ஒதுக்கி வைக்க ஒன்றுக்கு இருபது விநாடி என்றாலும் இருபத்தைந்து நிமிடம் போய்விடும். கொழும்பில் 30 பாகை வெக்கையில் சொக்லேட் அந்த இருபத்தைந்து நிமிடமும் பொறுமையாகக் காத்திருக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். பகலிலும் சமையலறை சில்லென்றுதான் இருக்கும். கொக்கோ பட்டர் 34 பாகைக்கு அருகில் உருகும் கொழுப்பு, அதற்குக் கீழே போகப்போக இறுகத் தொடங்கிவிடும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய சில்வர் பாத்திரத்தில் முதல் வரிசை மிட்டாய் பளபளப்பாக விழும். மூன்றாவது வரிசைக்கு வரும்போது ஓரமெல்லாம் களி மாதிரிக் கெட்டியாகிவிடும். கடைசி வரிசையில் கச்சான் ஒரு பக்கம், சொக்லேட் ஒரு பக்கம். கரண்டியால் சுரண்டி அமுக்கித்தான் சேர்க்க வேண்டியிருக்கும். இறுகிய பிறகு தட்டில் வைத்தால் எது முதலில் வைத்தது, எது கடைசியில் வைத்தது என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

‘அப்போ பாத்திரத்த தண்ணி மேலயே வச்சு எடுக்க வேண்டியதுதானே?’ என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெந்நீர்ச் சட்டியின் சிக்கலே ஆவிதான். உருகிய சொக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும். அதில் உள்ள சீனியும் கொக்கோத் தூளும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் மண்கட்டி போலத் திரண்டுவிடும். திரண்டதை மறுபடி மிட்டாயாக்க முடியாது. சூடான பாலை ஊற்றிக் குழம்பாக்கி, கேக்குக்கோ ஐஸ்கிரீமுக்கோ மேலே ஊற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குளிர்ந்த சமையலறையில் இந்த ஆபத்து இரண்டு மடங்கு. ஆவி எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் படிவது போலவே கரண்டிக் காம்பிலும் பாத்திர விளிம்பிலும் தண்ணீராகப் படியும். பாத்திரத்தைத் தூக்கினால் அடியில் தொங்கும் சொட்டுகள் ஒயில் பேப்பரில் விழும், பக்கத்தில் இருக்கும் மிட்டாயிலும் விழும். ஒரு கையில் துணி, ஒரு கையில் கரண்டி என்று நிற்க வேண்டும். ஒன்றரைக் கிலோ நிறைந்த பாத்திரத்தை ஒற்றைக் கையால் தூக்கித் துடைப்பது லேசான வேலை இல்லை.

ஸ்லோ குக்கர் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அதன் உள்பாத்திரம் தடித்த பீங்கான். சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். சுவிட்சை நிறுத்திய பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளே இருப்பதை இளக்கமாக வைத்திருக்கும். ஆவி எழுப்பத் தண்ணீரே இல்லை. மூடியின் உட்புறம் வியர்ப்பது மட்டும்தான் கவனிக்க வேண்டியது. அதற்கு மூடியின் அடியில் காய்ந்த பருத்தித் துணி ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டால் போதும்.

நான் செய்யும் விதம் இதுதான். வறுத்த கச்சானைத் தோல் நீக்கி, சுளகில் புடைத்து, சூடு முழுக்க ஆறவிடுவேன். டவுனில் மணலில் வறுத்து விற்கும் கச்சான் என்றால் உடைத்த பிறகு ஒரு தரம் சலிப்பது நல்லது, பல்லில் மணல் நறநறத்தால் எல்லாம் வீண். கச்சானும் கஜுவும் குக்கரின் அடியில், சொக்லேட் துண்டுகள் அதற்கு மேல். இந்த வரிசையை மாற்றக்கூடாது. சூடு அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதால் அடியில் இருக்கும் கச்சான் மெத்தை மாதிரி நின்று சொக்லேட்டைக் கருகவிடாமல் காக்கும். ‘லோ’வில் வைத்து முக்கால் மணி நேரம் தொடாமல் விடுவேன். அப்புறம் திறந்து ஒரு கிளறு, துண்டுகள் மிச்சம் இருந்தால் இன்னும் பத்து நிமிடம். உருகியதும் சுவிட்சை நிறுத்திவிடுவேன்.

அமெரிக்கக் குறிப்புகளில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அவர்கள் பெரிய குக்கரில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றுகிறார்கள். நம் அளவுக்கு அது அதிகம். ‘லோ’ என்பது மெதுவாக ஏறும் சூடுதானே தவிர, கடைசியில் அதுவும் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கறுப்புச் சொக்லேட் 50 பாகை வரை தாங்கும். பால் சொக்லேட்டும் வெள்ளைச் சொக்லேட்டும் அதற்கு முன்பே திப்பிதிப்பியாகத் தொடங்கும். சமைத்ததைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் ‘வாம்’ என்ற சூடுகூட 60 பாகைக்கு மேலே இருக்கும் என்பதால் மிட்டாய் வைத்து முடியும்வரை அதைத் தொடர்ந்து போட்டு வைக்க வேண்டாம். கலவை கனக்கத் தொடங்கினால் ஐந்து நிமிடம் போட்டு நிறுத்தினால் சரி. பீங்கானின் சூடே மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

இனி ஸ்லோ குக்கர் தோற்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன முறை கொம்பவுண்ட் சொக்லேட்டுக்குத்தான் கச்சிதம். கேக் சாமான் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். உறையில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று போட்டிருக்கும். அதை உருக்கி ஆறவிட்டால் தானாகப் பளபளவென்று இறுகும். உண்மையான கொக்கோ பட்டர் உள்ள சொக்லேட் அப்படி இல்லை. கறுப்புச் சொக்லேட் என்றால் 45 பாகைக்கு மேல் உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றினால்தான் மினுமினுப்பும் ‘டக்’கென்று உடையும் தன்மையும் வரும். இல்லாவிட்டால் சில நாளில் மேலே சாம்பல் பூத்துவிடும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் ஒருவருக்குக் கொடுக்கப் பார்வையாக இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சூட்டை விடவே மாட்டேன் என்கிற பீங்கான் சரிவராது. அங்கே வெந்நீர்ச் சட்டிதான் ராஜா. பாத்திரத்தை இறக்கிய உடனே சூடு குறையும், கொஞ்சம் திடச் சொக்லேட்டை நறுக்கிப் போட்டுக் கிளறலாம், வேண்டும்போது மறுபடி ஏற்றலாம். மாத்தளைப் பக்கம் விளையும் கொக்கோவில் செய்த நல்ல சொக்லேட் கையில் கிடைத்தால் நானும் வெந்நீர்ச் சட்டியைத்தான் எடுப்பேன், அதுவும் கால் கிலோ அளவில். ஆனால் அந்த வகையில் என் பழக்கம் குறைவு. அதிகம் செய்தவர்கள் சொல்வதை என் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோவேவ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாதிச் சக்தியில் முப்பது முப்பது விநாடியாக வைத்து, ஒவ்வொரு தரமும் வெளியே எடுத்துக் கிளற வேண்டும். உருகிய துண்டுகூட வெளியே வடிவம் மாறாமல் நிற்கும் என்பதால் ‘இன்னும் உருகல’ என்று மறுபடி வைத்தால் நடுவில் கருகிவிடும். இருபது முப்பது மிட்டாய்க்கு இதைவிடச் சுறுசுறுப்பான வழி கிடையாது. ஒன்றரைக் கிலோ என்றால் இரண்டு மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் ஓரளவு சூட்டைப் பிடித்து வைத்தாலும் மலைக் குளிருக்கு அது காணாது.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற ரைஸ் குக்கரை ‘வாம்’இல் போட்டுச் செய்யலாமா என்றால், செய்யலாம். சின்ன அளவில் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அதன் உள்பாத்திரம் மெல்லிய உலோகம், அடியில் சூடு ஒரே இடத்தில் ஏறும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சமைக்கும் சுவிட்சைத் தவறியும் அழுத்திவிடக்கூடாது. பால் சொக்லேட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செலவைப் பார்ப்போம். 200 வொட் ஸ்லோ குக்கர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட். 1200 வொட் இழுக்கும் மைக்ரோவேவ் ஐந்து நிமிடத்துக்கு 0.1 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் விலையின் கணக்கே மாறிவிடுகிறது என்பதால் நம்மில் பலர் கடைசி வாரத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் இந்த மிட்டாயால் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டப்போவதில்லை. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்றதையும், பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதையும் மறக்க முடியாதுதான். இரண்டும் இல்லாத நாளில் லயத்து விறகு அடுப்பின் தணலிலும் வெந்நீர்ச் சட்டி வேலை செய்யும். அந்த ஒரு பெருமை அதற்கு மட்டும்தான் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது எங்கள் பக்கம் வழக்கம். குக்கரில் சொக்லேட் உருகிய பிறகு போனால் மூடியை மட்டும் திறக்காமல் இருங்கள், அரை மணி நேரம் கவலை இல்லை.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. சூடான பீங்கானில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். இங்கே அந்த உள்பாத்திரத்தை மட்டும் தனியாக வாங்குவது சுலபம் இல்லை, விரிந்தால் குக்கரே போன மாதிரிதான். நான் கழுவுவதற்கு முன் சூடு ஆறாத பாத்திரத்தில் வெதுவெதுப்பான அம்பேவலைப் பால் இரண்டு கோப்பை ஊற்றி, ‘வாம்’இல் பத்து நிமிடம் வைத்து, மரக்கரண்டியால் ஓரமெல்லாம் வழித்துவிடுவேன். ஒட்டியிருந்த சொக்லேட் முழுக்கப் பாலில் இறங்கிவிடும், பிள்ளைகள் கோப்பையோடு தயாராக நிற்பார்கள். பிறகு பீங்கானை வெறும் துணியால் துடைத்தாலே பாதி சுத்தமாகிவிடும். வெந்நீர்ச் சட்டி முறையில் இரண்டு பாத்திரம், அதிலும் மேல் பாத்திரத்தில் காய்ந்த சொக்லேட்டைச் சுரண்ட வேண்டும்.

இறுகவைக்க ஃபிரிட்ஜ் தேடாதீர்கள். நம் குளிரில் மேசை மேலேயே ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே வியர்த்து, சீனி கரைந்து வெள்ளை படியும். பனிமூட்டம் உள்ள நாளில் திறந்து போட்டாலும் கச்சான் நமுத்துப்போகும், இறுகியதும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். கொழும்புக்குப் பஸ்ஸில் அனுப்புவதாக இருந்தால் கொம்பவுண்ட் சொக்லேட்டில் செய்ததை மட்டும் அனுப்புங்கள்.

வருடத்துக்கு ஒரு தரம் ஒரு தட்டு செய்கிறவர்கள் இதற்காக ஸ்லோ குக்கர் வாங்க வேண்டியதில்லை, இருக்கிற பாத்திரமே போதும். பண்டிகைக்குப் பத்து வீட்டுக்குக் கொடுக்கிறவர்கள், ஓடர் எடுத்துச் செய்கிறவர்கள் வாங்கலாம். வாங்கினால் மூன்றரை லீட்டரே தாராளம். ஆறு லீட்டர் எடுத்துக் கால்வாசி மட்டும் நிரப்பினால் ஓரத்தில் மெல்லிசாகப் படியும் சொக்லேட் சீக்கிரம் கருகும். ‘லோ’, ‘ஹை’ இரண்டோடு ‘வாம்’உம் இருக்கிறதா, உள்பாத்திரம் கழற்றக்கூடியதா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள்.